ஆறுகாலின் வீட்டுக்காரர்

சோபா வாசலில் மாட்டிக்கொண்டது. மகன் வெளியே நின்று இழுத்தான். அவர் உள்ளே நின்று தள்ளினார். மூன்று பேர் உட்காரும் சோபா, யாரோ வாடிக்கையாளருடையது. பாதி பிரித்துப் போட்ட நிலையில் பஞ்சு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அது வெளியே போனால்தான் முன்னறையில் இடம் கிடைக்கும். இடம் கிடைத்தால்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மனைவியைக் கிடத்த முடியும்.

"சாய்ச்சுப் புடிங்கப்பா."

"சாய்ச்சா முதுகு இடிக்கும். காலக் கழட்டணும்."

"இப்பப் போயி காலக் கழட்டிக்கிட்டு... வண்டி வந்துரும்பா."

"வரட்டும்."

அவர் தரையில் உட்கார்ந்து திருகு சாவியை எடுத்தார். தெருவே அவரைச் சோபாக்காரர் என்றுதான் கூப்பிடும். முன்னறை கடை, பின்னால் வீடு. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை இது. இன்றைக்குச் சாவி வழுக்கி வழுக்கி விரலில் பட்டது. இருந்தாலும் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்ததே என்றிருந்தது.

காலையில் வழக்கம்போல நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றோரம் நடக்கப் போனவள். பள்ளிக்கூட லேபில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றபிறகு பிடித்துக்கொண்ட பழக்கம். வெறும் நடை இல்லை. யாரோ எங்கோ ஒரு சின்ன டப்பாவை ஒளித்து வைத்து, இருக்குமிடத்தை இன்டர்நெட்டில் போடுவார்களாம். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிக்கொண்டு போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பேரெழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவார்களாம். ஜியோகேச்சிங் என்று பெயர் சொன்னாள். "எடுத்துட்டு வரமாட்டியா? அப்புறம் எதுக்குத் தேடற?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் வேலைக்கு அவர், அவள் டப்பாவுக்கு அவள்.

மூன்றாவது கால் கழன்று வந்தபோது தெருவில் நாய் குரைத்தது. தெரிந்த குரல். நிமிர்ந்து பார்த்தார். உயரமான, எலும்பு தெரிகிற ஒரு பெண்மணி, நாயின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தபடி நின்றிருந்தார். கண் வீங்கியிருந்தது.

"மேஸ்திரியக் கொண்டாந்திருக்கேன்" என்றார் அந்தம்மா.

குட்டைக் காலும் நீள உடம்புமாக இருக்கும் நாய். கடை வாசலில் படுத்துக்கொண்டு பாதிக் கண்ணைத் திறந்து எல்லா வேலையையும் மேற்பார்வை பார்த்ததால் மேஸ்திரி என்று பேர் வைத்தது அவர்தான். அந்தப் பேர் இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?

"நீங்க...?"

"நான் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆயிட்டேன். உங்க வீட்டம்மாவோட தினம் நடக்கிறவ."

"தினமா?"

"மழை பெஞ்சா மட்டும் லீவு."

ஒருமுறை அவர் கேட்டிருக்கிறார்: 'அவ்வளவு தூரம் தனியா போறியே, பயமா இல்ல?' அவள் சொன்னாள்: 'அதான் மேஸ்திரி இருக்கானே.' அது பொய்யா, உண்மையா? எதிரே நிற்கிற பெண்மணியைப் பார்த்துக்கொண்டு அதை யோசித்தார்.

வெளியே சோபாவைத் தாங்கிக்கொண்டிருந்த மகன், "வாங்கம்மா" என்றான். ஏற்கெனவே தெரிந்தவரைக் கூப்பிடுகிற குரல். சொல்லிவிட்டு உடனே குனிந்துகொண்டான். ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குத் தகவல் சொன்னதும் அவன்தான். அவனுக்கு யார் சொன்னது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்கலாமா என்று நினைத்தபோது தெருமுனையில் வண்டி திரும்பியது. நான்காவது காலைக் கழற்றாமலேயே இருவரும் மூச்சைப் பிடித்துச் சோபாவைத் தூக்கினார்கள். கதவு நிலையில் ஒரு சிராய்ப்பு விழுந்தது.

மறுநாள் காலை மின்மயானத்தின் முன்கூடத்தில் இரண்டு கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் சொந்தக்காரர்கள். இன்னொரு பக்கம் அவர் பார்த்தேயிராத மனிதர்கள். காலில் மண் ஒட்டிய பூட்ஸ், தலையில் தொப்பி, ஒருவர் கழுத்தில் பைனாகுலர்கூட. சாவுக்கு வந்தவர்கள் மாதிரி இல்லை, போகிற வழியில் எங்கேயோ மலை ஏறப்போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். ஆனால் அழுகை என்னவோ அந்தப் பக்கம்தான் அதிகம். கண்டக்டரம்மா வாசலில் நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, வழியில நிக்காதீங்க, உள்ள எடம் இருக்கு" என்று எல்லோரையும் நகர்த்திக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்களே அவர் சொன்னதைக் கேட்டு நகர்ந்தார்கள்.

வழுக்கைத் தலையுடன் ஒருவர் வந்து சோபாக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான் ஆறுகாலோட வீட்டுக்காரரா?"

"யாரோட?"

"ஓ... ஆறுகால். அதான் விளையாட்டுல அவங்க பேரு. அவங்களுக்கு ரெண்டு காலு, மேஸ்திரிக்கு நாலு. நடக்கிறதும் ஆத்தோரம். எல்லாத்துக்கும் பொருந்துதுன்னு அவங்களே வெச்சுக்கிட்டாங்க. எங்க எல்லாருக்குமே ஒரு பேரு உண்டு. நான் பல் டாக்டர், அதனால கடவாய். அதோ நிக்கிறாங்களே, அவங்க போலாம் ரைட்." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். "அவங்க இருந்தா சிரிப்புக்குப் பஞ்சமே இருக்காது சார்."

அவருக்கு யாரோ வேறொரு பெண்ணைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது. வீட்டில் அவள் அளந்துதான் பேசுவாள். லேபில் அமிலம் ஊற்றிப் பழகிய கை மாதிரி, தேவைக்கு மேல் ஒரு சொட்டு விழாது. அந்தப் பேச்சே அவருக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. அவள் அப்படிப்பட்டவள் என்று நினைத்திருந்தார். அங்கே ஆற்றோரத்தில் குடம் குடமாகக் கவிழ்த்திருக்கிறாள்.

"ஒண்ணு சொல்லணும் சார்" என்றார் பல் டாக்டர். "எனக்கு உங்களத்தான் நேர்ல பாக்கணும்னு இருந்துச்சு. வால்வு அவ்வளவு சுருங்கிப் போயிருக்குன்னு தெரிஞ்சும், ஆபரேஷனும் வேண்டாம்னுட்டு, எத்தனை பேருக்கு சார் அந்தத் தைரியம் வரும்? போன மாசம் பாலத்துக்கு அடியில சேத்துல இறங்கினாங்க. நாங்க எல்லாம் கூடாதுன்னோம். 'எங்க வீட்டுக்காரரே சரின்னுட்டார், உங்களுக்கு என்ன'ன்னு கேட்டாங்க. அதுக்கு அப்புறம் நாங்க என்ன சொல்றது? உங்களுக்குத்தான் சார் பெரிய மனசு. என்னால முடியாது. நான்னா கட்டிப் போட்டிருப்பேன்."

சோபாக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையான, சுத்தமான பற்கள். சொற்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, உட்கார இடம் தெரியாமல் நின்றன. திடீரென்று நெஞ்சடைப்பு என்றுதான் நேற்றிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கெல்லாம், போனில் கேட்டவர்களுக்கெல்லாம்: நல்லாத்தான் இருந்தா, ஒண்ணுமே இல்ல, திடீர்னு.

"ம்" என்றார்.

பல் டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மண் பூட்ஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பைனாகுலர்காரருக்குத் தெரியும். பிறகு, பெட்டிக்கு அருகில் நின்றிருந்த மகனைப் பார்த்தார். அவன் பல் டாக்டர் பேசியதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது. அப்பாவின் கண்ணைச் சந்தித்து, ஒரு கணம் நின்று, கீழே இறக்கிக்கொண்டான். கேட்க வேண்டியதை அவர் கேட்பதற்கு முன்பே அவன் பதில் சொல்லிவிட்டான்.

எல்லாம் முடிந்தபின் அவர் மகனின் காரில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவன் சாவியைப் போட்டான்.

"வால்வுன்னா என்னடா?"

சாவியைத் திருப்பாமல் கையை எடுத்துக்கொண்டான்.

"அப்பா, வீட்டுக்குப் போயி..."

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"போன வருஷம்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்தான். அவன் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவன். "அம்மா என்கிட்டதான் வந்தாங்க. படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு. நான்தான் ஸ்கேன் எடுத்தேன். நான் திரையப் பாத்துக்கிட்டிருந்தேன், அம்மா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடியே, 'அப்பாகிட்ட சொல்லாத'ன்னாங்க."

"சொல்லாதேன்னா சொல்ல மாட்டியா?"

"சத்தியம் வாங்கிட்டாங்கப்பா."

"நேத்து உனக்கு யாரு போன் பண்ணது? அந்தக் கண்டக்டரம்மாவா?"

"ஆமா. ஏதாவது ஆனா மொதல்ல எனக்குச் சொல்லணும்னு அம்மா நம்பர் குடுத்து வெச்சிருந்தாங்க."

"ஓகோ. ஏற்பாடெல்லாம் பலமாத்தான் இருந்திருக்கு." அவர் குரல் உயரவில்லை. "பல் புடுங்கிறவனுக்குத் தெரியும். பஸ் கண்டக்டருக்குத் தெரியும். ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியும். பக்கத்துல படுத்துக் கெடந்தவனுக்குத் தெரியாது."

"பெரியம்மா ஞாபகம் இருக்கில்லப்பா? ஆபரேஷனுக்கு அப்புறம் பேச்சு இல்லாம எத்தனை மாசம் கெடந்தாங்க. அம்மாதானே தொடைச்சு விட்டாங்க. தனக்கும் அப்படி ஆயிட்டான்னு..."

"ஆபரேஷன் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லட்டும். என்கிட்ட சொல்லட்டும். நான் என்ன, கழுத்துல கத்திய வெச்சா கூட்டிட்டுப் போகப்போறேன்?"

மகன் முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்தான்.

"சொல்லுடா."

"உங்ககிட்ட சொன்னா நீங்க உக்கார வெச்சிருவீங்கன்னாங்க."

"என்னது?"

"'உங்கப்பாவுக்கு உக்கார வைக்கத்தான் தெரியும். விஷயம் தெரிஞ்சா அவ்வளவுதான். அழகா ஒரு நாற்காலி தெச்சு, அதுல என்னை உக்கார வெச்சு, எதிர்ல அவரும் உக்காந்துக்குவாரு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும்'னாங்க." அவன் குரல் உடைந்தது. "சிரிச்சுக்கிட்டேதாம்பா சொன்னாங்க."

வெளியே யாரோ ஒரு வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

"அப்பா."

"நீ போ. நாலு நாளைக்கு என் கண்ணுல படாத."

மைத்துனரின் வேனில் ஏற்கெனவே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் இன்னும் நெருக்கி ஒரு விளிம்பைக் கொடுத்தார்கள். "ஏன் மாமா, பையன் வண்டி மக்கர் பண்ணுதா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா" என்றார்.

வழி நெடுக அவர் மனசுக்குள் ஒரு நாற்காலி உருவாகிக்கொண்டிருந்தது. அவள் உயரத்துக்கு இருக்கை எவ்வளவு தாழ்வாக இருக்க வேண்டும், முதுகு எவ்வளவு சாய வேண்டும், எழும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எங்கே முடிய வேண்டும். தலைக்கு இரண்டு பக்கமும் சின்னத் திண்டு. மடியில் இருந்த கைகள் தாமாகவே அளவெடுத்தன. ஆமாம், தைத்திருப்பார். தெரிந்த அன்றைக்கே ஆரம்பித்திருப்பார். அதில் என்ன தப்பு? இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்தவன் தன் பெண்டாட்டிக்கு ஒன்று தைத்தால் அது குற்றமா? அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மகனும் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

அப்புறம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் கைவைத்து நின்று, "இந்த மேஸ்திரி இழுக்கிற இழுப்பு இருக்கே" என்பாள். பாதிச் சோற்றில் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டு, "இவன் பின்னாடி ஓடி ஓடி அசந்து போச்சு" என்பாள். பழியெல்லாம் நாய் மேல். அவர் நம்பி, நாயைத் திட்டியிருக்கிறார். ஒருமுறை கையை ஓங்கிக்கூட இருக்கிறார். அப்போதும் அவள் உண்மையைச் சொல்லவில்லை. நாயை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். மகன், அவர் சொன்னதைக் கேட்காமல், தினமும் சாயங்காலம் வந்தான். சாப்பாட்டுப் பாத்திரத்தை வாசற்படியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பான். அவர் திரைக்குப் பின்னால் இருப்பது அவனுக்குத் தெரியும். அவன் நிற்பது அவருக்கும் தெரியும். அவன் போனபிறகு எடுத்துச் சாப்பிடுவார். பசிக்குமே, என்ன செய்வது.

மேஸ்திரிதான் தொந்தரவு. காலையில் எழுந்ததும் கதவுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டால் போகாது. வெயில் ஏறுகிறவரை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு காலையில் கண்டக்டரம்மா வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, படியிலேயே நின்றார்.

"இவன ஒரு நடை கூட்டிட்டுப் போகட்டுமா?"

"போங்க."

"இன்னொண்ணும் சொல்லணும்." அந்தம்மா கயிற்றை மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "தனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மேஸ்திரிய நான்தான் வெச்சுக்கணும்னு அவங்க சொல்லியிருந்தாங்க. உங்களுக்கு நடையில இஷ்டம் இல்ல, இவன் நடக்காம இருக்கமாட்டான்னு. நான் கேக்க வரல. குடுங்கன்னு சொல்லவும் வரல. உங்களுக்குத் தெரியாம இன்னும் ஒண்ணு எங்கிட்ட இருக்க வேண்டாமேன்னு சொல்றேன்."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. "நாயக்கூட எழுதி வெச்சுட்டாளா?"

"வாய் வார்த்தைதான்."

"என் வீட்டு நாய். பேரு வெச்சவன் நான். என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணல?"

"நான் அதையும் அவங்ககிட்ட சொன்னேன். கேக்கணும்னா காரணத்தச் சொல்லணும்னாங்க."

அவர் உள்ளே போனார். கண்டக்டரம்மா பேச்சு முடிந்ததென்று நினைத்துக் கிளம்பத் திரும்பியபோது, காலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "நானும் வரேன்" என்றார்.

ஆற்றோரப் பாதை அவர் நினைத்ததைவிட அகலம். ஒரு பக்கம் இரும்புக் கம்பி வேலி, அதற்குக் கீழே கலங்கலான தண்ணீர். மறுபக்கம் மரங்களின் வேர் தரையைத் தூக்கிவிட்டிருந்தது. மேஸ்திரி இழுக்கவேயில்லை. அவர் காலோடு கால் ஒட்டி, மெதுவாக, கிழவனைக் கூட்டிப் போகிற பேரனைப்போல நடந்தது. யாருடைய நடைக்குப் பழகியிருக்கிறது என்று புரிந்தபோது அவர் கயிற்றை விட்டுக்கொடுத்தார். அப்போதும் அது முன்னே போகவில்லை.

"இங்க ஒண்ணு இருக்கு" என்றார் கண்டக்டரம்மா. "அவங்களே ஒளிச்சு வெச்சது."

வேலியின் ஒரு கம்பத்துக்கு மூடி கழன்றிருந்தது. அந்தம்மா உள்ளே விரலை விட்டு ஒரு மெல்லிய கம்பியை இழுத்தார். நுனியில் கார்க் அடைத்த ஒரு சோதனைக் குழாய் ஆடியபடி மேலே வந்தது. பள்ளிக்கூட லேபில் கழித்துப் போட்டதாக இருக்கும். அதை அவர் கையில் கொடுத்தார்.

சோபாக்காரர் கார்க்கைப் பிடுங்கினார். தடித்த விரல்கள் உள்ளே போகவில்லை. தட்டித் தட்டி, சுருட்டிய காகிதத்தை வெளியே எடுத்து விரித்தார். வரிசையாகப் பேர்கள். கடவாய். போலாம் ரைட். இன்னும் என்னென்னவோ. பின்பக்கம் திருப்பினார். அங்கேயும் பேர்கள். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"எனக்குன்னு ஏதாவது...?"

கண்டக்டரம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. "இது யாருக்குன்னும் வெக்கிறதில்லீங்க. தேடி வர்றவங்க பேரெழுதிட்டுப் போவாங்க. அவ்வளவுதான் இதுல."

எதிரே ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. சட்டென்று அந்தம்மா அவர் கையிலிருந்த குழாயையும் காகிதத்தையும் வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, குனிந்து மேஸ்திரியின் காதைச் சொறிந்தார். வியர்க்க வியர்க்க ஓடிவந்தவர் ஒரு தலையசைப்போடு தாண்டிப் போனார். சோபாக்காரர் மட்டும் வெறுங்கையை நீட்டியபடி நின்றிருந்தார்.

"பழக்கம்" என்றார் கண்டக்டரம்மா வெட்கத்தோடு. "வெளியாள் வந்தா இப்படித்தான்."

"யாரு வெளியாள்?"

"விளையாட்டு தெரியாதவங்க. அவங்க கண்ணுல படாம பாத்துக்கணும். அதான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "நீங்களும் எழுதறீங்களா?"

"எனக்குப் பேரில்ல" என்றார் அவர்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு பெஞ்சும், பக்கத்தில் சாய்ந்த மரமும் இருந்தன. கேட்காமலேயே அவருக்குத் தெரிந்தது. மேஸ்திரி அங்கே போய்த் தரையை முகர்ந்துவிட்டு நின்றது. அவர் பெஞ்சில் உட்காரவில்லை.

"என்ன நடந்துச்சு, அப்படியே சொல்லுங்க."

"நடந்துக்கிட்டே இருந்தாங்க. நின்னாங்க. மூச்சு வாங்குச்சு. உக்காருங்கன்னேன். மாட்டேன்னு தலைய ஆட்டினாங்க. மரத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் போனை எடுத்தேன். 'இந்தா, கயிறப் புடிச்சுக்கோ'ன்னு நீட்டினாங்க. நான் வாங்கினேன். அப்புறம் ஒண்ணும் பேசல. சரிஞ்சுட்டாங்க."

"என்னைப் பத்தி?"

கண்டக்டரம்மா தண்ணீரைப் பார்த்தார். அக்கரையில் யாரோ துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும். சொன்னால் அவர் வாங்கிக்கொள்வார், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார். இரண்டு பேருக்குமே அது தெரிந்திருந்தது.

"இல்லீங்க" என்றார் கண்டக்டரம்மா.

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் அந்த மரத்தைப் பார்த்தார். பட்டை உரிந்த இடத்தில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

திரும்பி நடந்தார்கள். பாதை முடிந்து, தெரு இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவர் நின்றார். கையில் சுற்றியிருந்த கயிற்றைப் பிரித்து நீட்டினார்.

"இந்தாங்க."

"ஐயோ, வேண்டாங்க. நான் அதுக்குச் சொல்லல."

"அவ உங்ககிட்டதான புடிக்கச் சொன்னா?"

"கோபத்துல குடுக்கறீங்க."

"ஆமா" என்றார் அவர்.

கண்டக்டரம்மா கயிற்றை வாங்கிக்கொண்டார். மேஸ்திரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. அவர் குனிந்து தடவிக் கொடுக்கவில்லை. குனிந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது. திரும்பித் தன் தெருவுக்குள் நடந்தார். பின்னால் நான்கு கால்களின் நகச் சத்தம் கொஞ்ச தூரம் அவரைத் தொடர்ந்து வந்து, நின்று, பிறகு வேறு பக்கம் போனது.

கடைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மகன் அந்த மூன்று பேர் சோபாவைச் சுவரோரம் நிறுத்தி, கழன்ற கால்களைத் திரும்ப மாட்டியிருந்தான். அப்பாவைக் கண்டதும் எழுந்தான். அவருக்குப் பின்னால் பார்த்தான்.

"மேஸ்திரி எங்கப்பா?"

"குடுத்தாச்சு."

யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏற்கெனவே வெட்டி வைத்திருந்த பழுப்புத் துணியை எடுத்துச் சோபாவின் முதுகில் விரித்தார். ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மறுமுனை தானாகவே விறைத்தது. மகன் எதிர்ப்பக்கம் மண்டியிட்டு, பள்ளிக்கூடம் போன நாட்களில் பிடித்ததுபோல, சுருக்கம் விழாமல் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தான்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வரும்போது இன்னிக்குச் சொல்லிடணும்னு நெனச்சுக்கிட்டேதாம்பா வருவேன்" என்றான். "நீங்க ரெண்டு பேரும் சேந்து கதவத் திறப்பீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவர் தகர டப்பாவிலிருந்து ஒரு பிடி சின்ன ஆணிகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சோபாக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒரு கை துணிக்கு, ஒரு கை சுத்தியலுக்கு. ஆணிக்கு வாய்தான் இடம். நாக்கால் ஒன்றை முன்னே தள்ளி, உதட்டிலிருந்து காந்தச் சுத்தியலின் முனையில் ஏற்றி, மரச்சட்டத்தில் அடித்தார்.

"திட்டிருங்கப்பா. அடிச்சாலும் சரி. இப்படி இருக்காதீங்க."

இன்னொரு ஆணி. இன்னொன்று. துணியின் விளிம்பு மடிந்து மடிந்து சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மகன் கைகளை விலக்காமல், சுத்தியல் நெருங்க நெருங்கப் பிடியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்தபடி இருந்தான். உள்ளே ஆணிகள் குறைவது கன்னத்தில் தெரிந்தது.

கடைசி ஆணியும் இறங்கியது. அவர் சுத்தியலைத் தாழ்த்தினார். மகன் காத்திருந்தான்.

அவர் டப்பாவுக்குள் கையை விட்டு, இன்னொரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.